ஓரேல் பெர்னாச்சே ஆஜர்

எங்கள் ஊர் ஆன்ஸ்-ரூஜ் இதுவரை நான்கு தொகுதிகளில் இருந்திருக்கிறது. ஊர் ஓர் அடிகூட நகரவில்லை. முன்னால் கடல், பின்னால் மலை, நடுவில் ஒற்றைச் சாலை. நகர நினைத்தாலும் இடம் கிடையாது. மாகாணத் தலைநகரான க்யூபெக் நகரத்தில் ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பொதுத்தேர்தலுக்கு ஒரு முறை, எல்லை வரைவு ஆணையம் கோடு போடும். கோடு நகர்ந்தால் நாங்கள் நகர்ந்துவிட்டதாக அர்த்தம். ஒவ்வொரு முறையும் எங்களிடமிருந்து ஏதாவது ஒன்று காணாமல் போகும். முதல் முறை தபால் நிலையம். அடுத்த முறை பள்ளிக்கூடம். மூன்றாம் முறை டாக்டர். இதற்கும் கோட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று ஒவ்வொரு முறையும் கடிதம் வரும். அந்தக் கடிதத்தை வாங்க நாங்கள் ஐம்பது கிலோமீட்டர் போய்வருவோம்.

ஒரு தொகுதியை எடுத்துவிட்டால் அதன் பெயரை அப்படியே விட்டுவிட மாட்டார்கள். மரியாதை தெரிந்தவர்கள். பக்கத்துத் தொகுதியின் பெயருக்குப் பின்னால் சின்னதாக ஒரு கோடு கிழித்து எங்கள் பெயரையும் ஒட்டிவைப்பார்கள். அடுத்த முறை, பெயர் ரொம்ப நீளமாக இருக்கிறது என்று அந்த ஒட்டை வெட்டிவிடுவார்கள்.

நான் ஜெர்வே. படகுத்துறைக்கு எதிரே சிற்றுண்டிக் கடை வைத்திருக்கிறேன். உருளைக்கிழங்கு வறுவல்மேல் சீஸும் குழம்பும் ஊற்றித் தரும் பூத்தீன், பொரித்த மீன், சீசன் வந்தால் சிங்கி இறால் வைத்த ரொட்டி. ஊரில் மிச்சமிருக்கும் ஒரே கடை என்பதால் அரசாங்கக் காரியம் எல்லாம் என் கல்லாவுக்கு எதிரேதான் நடக்கும். இந்தக் கதையும் அங்கேதான் ஆரம்பித்தது. இதில் எனக்கும் பங்கு உண்டு. அதை மறைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் மாதம் ஒரு காலை, மேயர் யூகெத் கடைக்குள் வந்தாள். அவளும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்.

"ஜெர்வே, தொகுதி பொழைச்சிருச்சுடா! குறைஞ்சது இருபத்தொன்பதாயிரத்து எண்ணூத்தி எழுபது வாக்காளர் இருக்கணுமாம். பட்டியல்ல எத்தனை பேர் தெரியுமா? இருபத்தொன்பதாயிரத்து எண்ணூத்தி எழுபது!"

"அப்புறம் ஏன் மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க?"

அவள் கையில் இருந்த காகிதத்தை மேசைமேல் வைத்தாள். "ஒரே ஒரு பேர்ல சந்தேகமாம். மருத்துவக் காப்பீட்டு அட்டையைப் புதுப்பிக்கல, லைசென்ஸைப் புதுப்பிக்கல, அதனால இந்த ஆளு நிஜமா அங்க குடியிருக்காரான்னு சரிபார்க்கணுமாம்."

பெயரைப் பார்த்தேன். ஓரேல் பெர்னாச்சே.

ஓரேல் ஜூன் ஒன்பதாம் தேதி காலையில் இறால் கூடு தூக்கப் போனவன். பத்து மணிக்கு அவன் படகு தானாகவே குடாவுக்குள் சுற்றிக்கொண்டிருந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கூடுகள் அடுக்கி இருந்தன. ஆள் இல்லை. பன்னிரண்டு நாள் தேடினோம். அவன் மனைவி மார்செலின் நீதிமன்றத்துக்குப் போய், இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுங்கள் என்றாள். படகு கிடைத்திருக்கிறது, ஆள் கிடைக்கவில்லை, ஆள் கிடைக்காதது ஆள் இறந்ததற்குச் சாட்சி ஆகாது என்று நீதிபதி விளக்கினார். சட்டப்படி ஏழு வருஷம் அவன் உயிரோடு இருக்கிறான். அதுவரை சாவுமணி கிடையாது, சான்றிதழ் கிடையாது, கல்லில் தேதி கிடையாது.

கல் ஏற்கெனவே இருந்தது. எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டி இருவர் பெயரையும் பிறந்த வருஷத்தையும் உயிரோடு இருக்கும்போதே வெட்டிவைத்து, சிறு கோடு கிழித்து, மீதி இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். ஓரேல் பெர்னாச்சே, 1952, ஒரு கோடு. அதற்குப் பிறகு வெறும் கல்.

அவன் போய் ஆறு வருஷமும் ஒன்பது மாதமும் ஆகியிருந்தது.

நானும் யூகெத்தும் மார்செலின் வீட்டுக்குப் போனோம். மீன் ஆலையில் காலை வேலை முடித்து வந்து, உப்பில் வெடித்த கைகளுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தாள். யூகெத் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை தடவிக்கொண்டே இருந்தாள்.

"அதாவது, அவரு செத்துட்டாருன்னு நான் சொன்னப்ப யாரும் நம்பல. இப்ப உயிரோட இருக்காருன்னு நீங்க சொல்லணும், அதை அவங்க நம்பணும்."

"ரெண்டே மாசம்தான் மார்செலின். மே மாசம் விசாரணை. ஜூன் தொடக்கத்துல அறிக்கை. உன் தேதிக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சிரும். தொகுதி போச்சுன்னா அடுத்து சர்ச்சுக் கதவை மூடுவாங்க. அப்புறம் மணி அடிக்கக்கூட ஆளிருக்காது."

மார்செலின் ஜன்னல் வழியாகக் கல்லறைப் பக்கம் பார்த்தாள். "கல் வெட்டறவருக்குச் சொல்லி வெச்சிருக்கேன். ஜூன் ஒன்பது காலைல வர்றார். அந்தக் காலி இடத்தைப் பாக்கறப்பல்லாம் ஏதோ சொல்ல வாயைத் திறந்துட்டு சொல்லாமலே நிக்கற மாதிரி இருக்குடா ஜெர்வே." தைலப் புட்டியை மூடிக்கொண்டே, "சரி. ஆனா ஒன்பதாம் தேதிக்கு மேல ஒரு நாள் கூடக் கிடையாது" என்றாள்.

வசிப்பிடச் சான்றுப் படிவம் பதினோரு பக்கம். அக்கம்பக்கத்தார் ஒருவரின் வாக்குமூலம் கட்டாயம். 'வாக்காளரின் அன்றாடப் பழக்கம் பற்றிக் குறிப்பான ஒரு விவரம் தருக. பொதுப்படையாக எழுதினால் நிராகரிக்கப்படும்' என்று கட்டம் போட்டிருந்தார்கள். நான் எழுதினேன்: 'தினமும் காலையில் என் கடையில் காபி குடிப்பார். இரண்டு சர்க்கரை.'

ஓரேல் வாழ்நாளில் காபியில் சர்க்கரை போட்டவன் இல்லை. சர்க்கரை போட்ட காபியைக் குடிப்பவனை ஒரு மாதிரிப் பார்ப்பான். பிறகு ஏன் அப்படி எழுதினேன் என்றால், ஓரேல் பெயரில் பொய்ச் சத்தியம் செய்யப் பயமாக இருந்தது. இரண்டு சர்க்கரை போட்டுக் குடிக்கும் யாரோ ஒருத்தன் உயிரோடு இருக்கிறான் என்றுதான் சத்தியம் செய்கிறோம், நம்ம ஓரேல் அல்ல என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். மார்செலின் படித்துப் பார்த்தாள். "அவருக்குச் சர்க்கரை ஆகாதே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஏப்ரலில் சரிபார்ப்பு அதிகாரி மதாம் செகேன் வந்தார். கையில் அட்டை, கழுத்தில் அடையாளச் சீட்டு, காலில் எங்கள் சேற்றுக்கு ஒத்துவராத செருப்பு. மேயர் என்ற முறையில் யூகெத்தும், சாட்சி என்ற முறையில் நானும் கூட நின்றோம்.

"உங்க கணவர் எங்க மதாம்?"

"கடல்ல" என்றாள் மார்செலின்.

"எப்ப போனார்?"

"விடியக்காலைல."

"எப்ப வருவார்?"

"தெரியாது."

"போறப்ப சொல்லிட்டுப் போகலையா?"

"சாயங்காலம் சூப் வெய்யின்னு சொல்லிட்டுப் போனார்."

ஒரு பொய்கூட இல்லை. மதாம் செகேன் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டு பெருமூச்சு விட்டார். "நிஜமான குடும்பம்னா இப்படித்தான் பதில் வரும். எங்க வீட்டுக்காரர் எப்ப வருவார்னு எனக்கே தெரியாது. எல்லாம் கரெக்டா சொல்ற வீட்டைத்தான் நாங்க சந்தேகப்படுவோம்."

பிறகு குளியலறைக்குப் போனார். பட்டியலில் பல் தேய்க்கும் பிரஷ் என்று ஒரு வரி இருந்தது. கண்ணாடிக் குவளையில் இரண்டு பிரஷ் இருந்தன. அவற்றில் ஓரேலுடைய நீல பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஈரம்" என்று சொல்லி டிக் போட்டார். கதவோரம் ஓரேலின் ரப்பர் பூட்ஸைக் குனிந்து பார்த்தார். "ஈரம்" என்று இன்னொரு டிக்.

யூகெத் என்னைப் பார்த்தாள். நீதானா என்று கேட்கிற பார்வை. நானும் அவளை அதே மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மார்செலின் கடைக்கு வந்தாள். "ஜெர்வே, அந்தப் பிரஷ்ஷை நீ நனைச்சியா?"

"நான் உன் குளியலறைப் பக்கமே போகலையே."

"யூகெத்தும் இல்லைங்கறா." அவள் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் நனைச்சிருந்தா எனக்குத் தெரியாமலா இருக்கும்?"

"அதிகாரி கை ஈரமா இருந்திருக்கும் விடு" என்றேன். அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.

அன்று நண்பகல் அவள் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஓரேல் போனபின் மூன்று வருஷம் அந்த விளக்கை அவள் அணைக்கவில்லை. மூன்றாம் வருஷ முடிவில் ஒரு நாள், யாரும் சொல்லாமல், தானே அணைத்தாள். அதற்கு அவள் என்ன பாடுபட்டாள் என்று ஊருக்கே தெரியும். இப்போது பட்டப்பகலில் எரிந்தது. தொகுதி பிழைக்க வேண்டும் என்பதால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

விசாரணை மே பதினான்காம் தேதி, சர்ச்சுக்குக் கீழே உள்ள கூடத்தில். ஆணையத்தார் மூவர். நடுவில் தலைவர் வாலியேர், ஓய்வுபெற்ற நீதிபதி. அவருக்கு முன்னால் ஒரு குடுவைத் தண்ணீரும், முட்டை வேகவைக்கும்போது திருகிவைப்போமே, அந்த மாதிரி ஒரு மணிக்கடிகாரமும் இருந்தன. புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுவரில் வரைபடம் விழுந்தது. எங்கள் ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எல்லைக் கோடு' என்று எழுதியிருந்தது.

"அன்பான குடிமக்களே" என்று தொடங்கினார் வாலியேர். "ஆணையம் உங்க ஊரைச் சிதைக்குதுன்னு சில பேர் சொல்றாங்க. கோட்டுக்கு நீளம்தான் உண்டு, அகலம் கிடையாது. அகலம் இல்லாத ஒண்ணு யாரை எப்படி வெட்டும்? நாங்க வரையறப்ப ஊரையும் பார்க்கறதில்ல, ஆளையும் பார்க்கறதில்ல. அதுதான் எங்க நடுநிலைமை. பார்த்துட்டா சங்கடமாயிரும். உங்க ஊருக்கு நான் இன்னைக்குத்தான் முதல் தடவையா வர்றேன். இவ்வளவு கடல் இருக்கும்னு எனக்குத் தெரியாது. வரைபடத்துல அது வெறும் நீலம்."

முன்வரிசையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அவர்கள் ஆணையத்தோடு வந்தவர்கள்.

யூகெத் எழுந்தாள். முப்பது பக்கம் எழுதிவைத்திருந்தாள். பள்ளிப் பேருந்து, பனிக்காலச் சாலை, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வண்டியிலேயே பிறந்த இரண்டு குழந்தைகள் எல்லாம் அதில் இருந்தன.

"பெயர் பதிவு செஞ்சீங்களா மதாம்?" என்றார் வாலியேர்.

"நான் மேயர்."

"அது தெரியுது. பதிவு செஞ்சீங்களா?"

பதிவுப் படிவம் தபாலில் அனுப்பப்பட்டிருந்தது. அதாவது, ஆணையத்தோடு ஏற்கெனவே கடிதத் தொடர்பில் இருந்த வாக்காளர்களுக்கு மட்டும். ஆன்ஸ்-ரூஜில் அப்படி ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் பெயருக்கு வந்த காகிதங்களை எல்லாம் யூகெத் தன் கையாலேயே நிரப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். எது எதற்கு என்று பார்க்க அவளுக்கு நேரமில்லை.

வாலியேர் பட்டியலைப் பார்த்தார். "இன்னைக்குப் பேச ஒருத்தருக்குத்தான் அனுமதி இருக்கு. முஸ்யே ஓரேல் பெர்னாச்சே."

உதவியாளர் ஒருவர் முன்மேசையில் அவன் பெயர்ச்சீட்டை வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, மைக்கைத் திறந்துவிட்டார். வாலியேர் மணிக்கடிகாரத்தைப் பத்து நிமிஷத்துக்குத் திருகிவைத்தார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்ததால் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்க்கவில்லை என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டினார். "சொல்லுங்க முஸ்யே, கேட்டுட்டிருக்கோம்."

யூகெத் எழப் போனாள். பேச்சாளரை இடைமறிக்கக் கூடாது என்று உதவியாளர் சைகை செய்தார்.

பத்து நிமிஷம். ஒலிபெருக்கியிலிருந்து முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு மெல்ல ஒரு இரைச்சல். கூடத்தின் ஹீட்டர் சத்தம்தான் அது என்று பிறகு ஒலி ஆள் சொன்னார். எனக்கு அது ஆள் இல்லாமல் சுற்றிவரும் படகின் எஞ்சின் மாதிரியே கேட்டது. என் பக்கத்தில் இருந்த ஆலைக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஓரேலுக்காக நாங்கள் எல்லாரும் ஒன்றாக மௌனமாக உட்கார்ந்தது அன்றுதான். அதுவரை அவனுக்கு நாங்கள் அதைக்கூடச் செய்யவில்லை. மார்செலின் இரண்டாம் வரிசையில் இருந்தாள். அவள் முகத்தை நாற்காலிப் பக்கம் திருப்பி, யாரோ பேசுவதைக் கேட்பவளைப் போலக் காதைச் சாய்த்திருந்தாள். ஒரு தடவை "ம்" என்றாள்.

மணி அடித்தது. பின்னால் யாரோ கத்திவிட்டார்கள்.

"நன்றி முஸ்யே பெர்னாச்சே" என்றார் வாலியேர். "இருபத்திரண்டு வருஷமா நான் கேட்ட வாதங்கள்ல இதுதான் சிறப்பு. மிகையே இல்ல. அழுகை இல்ல. நேரத்தைத் தாண்டல. மத்தவங்களும் இதை ஒரு உதாரணமா எடுத்துக்கணும்." செயலர் எழுதிக்கொண்டார்.

ஜூன் மூன்றாம் தேதி அறிக்கை வந்தது. எங்கள் தொகுதி எடுக்கப்பட்டுவிட்டது. நாங்கள் விசாரணையில் உட்கார்ந்திருந்த வாரத்தில் மாகாணச் சராசரி மறுபடி கணக்கிடப்பட்டு, குறைந்தபட்ச எண்ணிக்கை இருநூற்றுப் பதினொன்று கூடிவிட்டதாம். பக்கத்துத் தொகுதிப் பெயருக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு கோடு கிடைத்தது. அறிக்கையின் கடைசியில், ஆன்ஸ்-ரூஜ் மக்கள் காட்டிய ஒத்துழைப்புக்கு நன்றி என்று இருந்தது.

யூகெத் என் கடையில் உட்கார்ந்து அழுதாள். மார்செலின்தான் அவள் தோளைத் தட்டினாள். "விடு யூகெத். என் பங்கை நான் செஞ்சாச்சு. திங்கட்கிழமை மணி அடிக்கணும், அதைப் பாரு."

ஒன்பதாம் தேதி காலையில் கல் வெட்டுபவர் உளியோடு வந்துவிட்டார். ஆலைப் பெண்கள் கூடத்தில் சூப்பும் இறைச்சி அடைத்துச் சுட்ட அப்பமும் தயார்செய்து வைத்திருந்தார்கள். சான்றிதழ் வாங்கிவர மார்செலினை என் வண்டியில் நோட்டரியிடம் கூட்டிப் போனேன். நோட்டரி நல்ல மனிதர். கோப்பைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"மதாம், ஏழு வருஷம்ங்கறது அவரைப் பத்திக் கடைசியா தகவல் கிடைச்ச தேதியில இருந்துதான் எண்ணணும்."

"அதான் இன்னையோட ஏழு வருஷம்."

அவர் ஒரு காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பினார். ஆணையத்தின் நடவடிக்கைக் குறிப்பு. மே 14. வருகை தந்தோர்: ஓரேல் பெர்னாச்சே. பத்து நிமிடம் கருத்துரைத்தார். கீழே மூன்று கையெழுத்து, அரசு முத்திரை. இணைப்பாக, மதாம் செகேனின் ஈரமான டிக் இரண்டு. அதற்கும் பின்னால் என் வாக்குமூலம்.

"போன மாசம் இவர் உயிரோட, ஆணையத்துக்கு முன்னாடி உக்காந்து பேசியிருக்கார். அரசாங்க ஆவணம். நான் இதைத் தாண்ட முடியாது. மே பதினாலுல இருந்து ஏழு வருஷம்."

"நான் எழுதினது பொய்!" என்று கத்தினேன். "அவன் வரவே இல்ல, நாற்காலி காலியா இருந்துச்சு, எல்லாருக்கும் தெரியும்!"

"குறிப்பைத் திருத்த ஆணையத்தாலதான் முடியும் முஸ்யே. அறிக்கை கொடுத்த அன்னைக்கே ஆணையம் கலைஞ்சிருச்சு. இப்ப அப்படி ஒண்ணு இல்ல. ரெண்டு பொதுத்தேர்தல் முடிஞ்சதும் அடுத்தது அமையும், அப்ப மனு குடுக்கலாம்." அவர் விரல் விட்டு எண்ணினார். "அது அமைஞ்சு, மனுவை விசாரிச்சு முடிக்க எட்டு வருஷம் ஆகும். அதுக்கு ஏழு வருஷம் காத்திருக்கறதே சீக்கிரம்."

மார்செலின் எழுந்து வண்டிக்கு நடந்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் கடல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கல்லறையில் கல் வெட்டுபவர் தொப்பியைக் கையில் பிடித்து நின்றுகொண்டிருந்தார். அவள் வண்டியை விட்டு இறங்காமல், கண்ணாடியை இறக்கி, "இன்னைக்கு இல்லைங்க" என்றாள். சூப்பை எல்லாரும் குடித்தோம். யாருக்காக என்று தெரியாமல் குடித்தோம்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், பல தடவை. ஒவ்வொரு தடவையும் "ரெண்டு மாசம்தானேன்னு நானும் தலையாட்டினேனே" என்பாள். அவள் அப்படிச் சொல்வதால் என் பாரம் குறைந்துவிடவில்லை. இறந்தவனை உயிரோடு பிடித்து வைத்தவர்களில் நான் ஒருத்தன். அவளுக்கு ஆறிக்கொண்டிருந்த புண்ணைக் கிளறியதும் நான்தான்.

அக்டோபரில் தேர்தல். புதுத் தொகுதியின் பெயர் தாங்கிய வாக்காளர் அட்டைகள் வந்தன. பெர்னாச்சே வீட்டுக்கு இரண்டு. வாக்குச்சாவடி இப்போது எண்பது கிலோமீட்டர் தள்ளி. தேர்தலன்று காலை மார்செலின் கடைக்கு வந்தாள். நல்ல கோட் போட்டிருந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகம் தெளிவாக இருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெளியே அவள் வண்டி எஞ்சின் ஓடியபடியே நின்றிருந்தது. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியில் பனி படிந்திருந்ததால் உள்ளே சரியாகத் தெரியவில்லை.

"ரெண்டு காபி ஜெர்வே, வழிக்கு. தூரமாப் போகணும்."

ஊற்றினேன். இரண்டுக்கும் மூடி போடப் போனேன்.

"இரு இரு" என்றாள். "ஒண்ணுல ரெண்டு சர்க்கரை போடு."